நாலே நாலு எழுத்து

பி.காம். மூன்றாம் வருடம் படிக்கிறவனுக்கு ஜாவாஸ்கிரிப்டில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையும் இல்லை. எங்கள் பாடத்தில் கம்ப்யூட்டர் என்று வருவது டேலி மட்டும்தான். ஆனால் போடிநாயக்கனூரில் ஒரு வீட்டில் ஒருத்தன் டேலி படிக்கிறான் என்றால் சொந்தக்காரர்கள் கணக்கில் அவன் கம்ப்யூட்டர் இன்ஜினியர். பிரிண்டர் ஓடவில்லையா, அவனைக் கூப்பிடு. ஆதாருக்கு ஓடிபி வரவில்லையா, அவனைக் கூப்பிடு.

அப்படித்தான் போன ஆவணியில் மாமா கூப்பிட்டார். "மாப்ள, லிஸ்டு வெள்ளையா வருது. ஜீப்பு கிளம்பாம நிக்குது. ஒரு எட்டு வந்துட்டுப் போ."

மாமாவுக்குக் காய்க்கடை. (எங்கள் ஊரில் காய் என்றால் ஏலக்காய். கத்திரிக்காய், முருங்கைக்காய்க்கெல்லாம்தான் முழுப்பெயர் சொல்ல வேண்டும்.) போடிமெட்டுக்கு மேலே பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிறவர்களிடம் காய் வாங்குவார். ஸ்பைசஸ் போர்டு ஏலத்திலும் எடுப்பார். மலைக்காரர்கள் காய் இருக்கிறது என்று போனில் சொல்லி, அதை யாரோ துண்டுச்சீட்டில் எழுதி, அந்தச் சீட்டு தொலைந்து சண்டை வருவதால், ஒரு பக்கம் செய்து வைத்திருந்தார். விவசாயி தன் பெயர், முகவரி, எத்தனை கிலோ, பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எல்லாம் அதில் பதிய வேண்டும். பதிந்ததும் மாமாவுக்கும் ஜீப் டிரைவருக்கும் எஸ்எம்எஸ் போகும். காலையில் மாமா தன் பாஸ்வேர்டு போட்டுத் திறந்தால் அன்றைய பட்டியல் வரும். மதுரையில் ஒரு தம்பி குறைந்த காசுக்குச் செய்து கொடுத்தது. நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அன்றைக்குப் பட்டியல் வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. சுத்த வெள்ளை.

காரணம் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பொழுது ஆனது. சாந்தன்பாறைக்காரர் ஒருவர் தன் முகவரியை நாலு வரியாக, ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டி எழுதியிருந்தார். இதில் அவர் மேல் என்ன தப்பு? முகவரியை நாலு வரியில் எழுது என்றுதான் நாலாம் வகுப்பிலிருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள். மதுரைத் தம்பி என்ன செய்திருந்தார் என்றால், பதிந்தவர்களின் பெயரையும் முகவரியையும் அப்படியே ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்குள் ஒற்றை மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தார். மேற்கோளில் தொடங்கிய சொல் அதே வரியில் மேற்கோளில் முடிய வேண்டும் என்பது ஜாவாஸ்கிரிப்டின் சட்டம். நடுவில் வரி உடைந்தால், அந்த நிரல் மொத்தத்தையும் பிரௌசர் தூக்கி எறிந்துவிடும். ஒருத்தர் என்டர் தட்டினார், நாற்பது பேருடைய காய் அன்றைக்கு மலையிலேயே தங்கியது.

தம்பிக்குப் போன் செய்தேன். என்டருக்குக் கணினியில் எண் 10, அதை எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிப் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். ஒரு வாரம் கழித்து மறுபடி வெள்ளை. இந்த முறை யாரும் என்டர் தட்டவில்லை. கணக்குப்பிள்ளை தன் பழைய கம்ப்யூட்டரில் இருந்த வாடிக்கையாளர் பட்டியலை மொத்தமாக ஏற்றியிருந்தார்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் போனவர்களுக்கு இது உடனே புரியும். வரி முடிந்ததும் இடது பக்கக் கம்பியைத் தள்ளுவோமே, அப்போது இரண்டு காரியம் நடக்கும். உருளை வலது பக்கம் திரும்பி வரும், தாள் ஒரு வரி மேலே ஏறும். அந்த இரண்டு காரியத்துக்கும் கணினியில் தனித்தனி எண். உருளை திரும்புவது 13, தாள் ஏறுவது 10. விண்டோஸில் எழுதிய கோப்பில் ஒவ்வொரு வரி முடிவிலும் இரண்டும் சேர்ந்து இருக்கும். தம்பியின் நிரல் 10-ஐ வைத்து வரிகளைப் பிரித்துக்கொண்டது. 13 ஒவ்வொரு முகவரியின் வாலிலும் ஒட்டிக்கொண்டு உள்ளே வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டுக்கு 13-உம் வரி முடிவுதான்.

சரி, 13-ஐயும் எடுத்தாயிற்று. ஆனால் எனக்குத் தூக்கம் போய்விட்டது. 10 ஒன்று, 13 ஒன்று. இதுபோல இன்னும் எத்தனை இருக்கும்? ஒவ்வொரு முறையும் ஜீப் நின்ற பிறகுதான் தெரிந்துகொள்ள வேண்டுமா?

இந்தக் கேள்விக்கு ஒரு வழி இருக்கிறது, பெயர் ஃபஸ்ஸிங். 1988-இல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் என்ற பேராசிரியர், ஒரு புயல் ராத்திரி வீட்டிலிருந்து டெலிபோன் லைன் வழியாகக் கல்லூரிக் கணினியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் லைன் இரைந்து, அவர் தட்டாத எழுத்தெல்லாம் கணினிக்குப் போனது. (ஐப்பசி மழையில் எங்கள் தெரு லேண்ட்லைனைக் காதில் வைத்தவர்களுக்கு அந்த இரைச்சலை விளக்க வேண்டியதில்லை.) குப்பை எழுத்து வந்தால் பிழை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டிய நிரல்கள், சொல்லாமல் கொள்ளாமல் செத்து விழுந்தன. அதையே மாணவர்களுக்கு வேலையாகக் கொடுத்தார். வேண்டுமென்றே குப்பையை உற்பத்தி செய்யுங்கள், யூனிக்ஸ் நிரல்களுக்கு ஊட்டுங்கள், எது சாகிறது பாருங்கள். 1990-இல் வந்த கட்டுரையின்படி, சோதித்த நிரல்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை விழுந்துவிட்டன அல்லது நின்றுவிட்டன. அதுவும் அறிவாளித்தனமான தாக்குதல் எதுவும் இல்லாமல், வெறும் குப்பைக்கு.

இதைப் படித்ததும் எனக்குக் கை அரித்தது. மாமாவிடம், "உங்க பக்கத்தைக் கொஞ்சம் சோதிச்சுப் பார்க்கவா?" என்றேன். "பாரு மாப்ள, எனக்கென்ன" என்றுவிட்டு ஏலத்துக்குக் கிளம்பினார். நான் ஒரு சின்ன நிரல் எழுதினேன். யூனிகோடின் முதல் 65,536 எழுத்துகளில் ஒவ்வொன்றையும் பெயர் என்று போட்டு, விநாடிக்கு ஒன்றாக மாமாவின் பக்கத்தில் பதிய வேண்டியது. எது போனதும் பட்டியல் வெள்ளையாகிறது என்று பார்க்க வேண்டியது. பத்து மணிக்கு ஓட விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பதிந்தால் எஸ்எம்எஸ் போகும் என்று மேலே எழுதியிருக்கிறேன் அல்லவா? எழுதிய எனக்கு அன்றைக்கு அது ஞாபகம் வரவில்லை.

ஏல மையத்தில் மாமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சாம்பிள் காயைப் பார்த்து விலை போட்டுக்கொண்டிருக்கும்போது, சட்டைப் பையில் போன் விநாடிக்கு ஒருமுறை அதிர்ந்திருக்கிறது. முதலில் அணைத்து வைத்துவிட்டார். ஜீப் டிரைவர் அண்ணனுக்கு மலையில், புதிதாகப் பதிந்திருப்பவர் பெயர் கமா, புதிதாகப் பதிந்திருப்பவர் பெயர் ஆச்சரியக்குறி என்று வந்துகொண்டே இருந்தது. பதினொன்றரைக்குள் பத்தாயிரம் எஸ்எம்எஸ் பேக் காலி. அதற்குப் பிறகு உண்மையாகவே பதிந்த மூன்று பேரின் செய்தி யாருக்கும் போகவில்லை. அதில் ஒரு பெரியவர், ஜீப் வரும் என்று நம்பிச் சாக்கு மூட்டையோடு ரோட்டோரம் சாயங்காலம் வரை தூறலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். பாடுபட்டு ஸ்டோரில் உலர்த்திய காய், ஈரம் பட்டால் நிறம் போய்விடும். தன் மேல் இருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்து மூட்டையின் மேல் போட்டுவிட்டு நனைந்துகொண்டே இருந்தாராம். டிரைவர் அண்ணன்தான் மறுநாள் சொன்னார்.

மாமா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "முடிஞ்சுச்சா சோதனை?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மறுபடி பேக் போடப் பணம் எடுத்துக் கொடுத்தார்.

அம்மா ஒரு குடோனில் காய் பொறுக்கும் வேலை பார்க்கிறார். அன்று ராத்திரி என் கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "சல்லடை சரியா இருக்கான்னு பார்க்க எவனாவது அடுத்தவன் மூட்டையைப் பிரிச்சுக் கொட்டுவானா? ஒரு கைப்பிடி எடுத்து நம்ம முறத்துலயே பார்க்க வேண்டியதுதான?" என்றார்.

உண்மையில் விஷயமே அதுதான். நான் தேடியது மாமாவின் பக்கத்தில் இல்லை, பிரௌசருக்குள் இருக்கிறது. எந்த எழுத்தைக் கண்டால் ஜாவாஸ்கிரிப்ட் எப்படி வாசிக்கிறது என்பது பிரௌசரின் குணம். அதைக் கேட்க யாருடைய கடைக் கதவையும் தட்ட வேண்டாம், நம் லேப்டாப்பில் இருக்கும் பிரௌசரிடமே கேட்டுக்கொள்ளலாம். எஃப் 12 சாவியைத் தட்டினால் ஒரு ஜன்னல் திறக்கும். அதில் ஐந்தாறு வரி போதும். ஒற்றை மேற்கோள், ஒரு எழுத்து, ஒற்றை மேற்கோள். இதை நிரலாக வாசித்துப் பார் என்று பிரௌசரிடம் கொடு. தூக்கி எறிந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள். அடுத்த எழுத்துக்குப் போ.

யூனிகோடில் மொத்தம் 11,14,112 இடங்கள் உண்டு. எல்லாவற்றையும் ஓட்டினேன். அம்மா கொடுத்த காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. பதினோரு லட்சத்தில் மேற்கோளை உடைத்தவை நாலே நாலு. 10, 13, 39, 92.

10-உம் 13-உம் நமக்கு ஏற்கெனவே அறிமுகம். 39 அந்த ஒற்றை மேற்கோளே. 92 என்பது பேக்ஸ்லாஷ், வலது பக்கம் சாயாமல் இடது பக்கம் சாய்ந்த கோடு. இவ்வளவுதானா என்று ஒரு சந்தேகம் வந்து, அப்பத்தாவின் பழைய போனில் (பத்து வருஷமாக எதையும் அப்டேட் செய்யாத புண்ணியவதி) அதே நிரலை ஓட்டினேன். அங்கே ஆறு வந்தது. கூடுதல் இரண்டு 8232, 8233. யூனிகோடில் வரி பிரிக்க, பத்தி பிரிக்க என்று வைத்த, கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள். 2019 வரை ஜாவாஸ்கிரிப்ட் இவற்றையும் வரி முடிவாக எண்ணி மேற்கோளை உடைத்துக்கொண்டிருந்தது. தரவு அனுப்பப் பயன்படும் ஜேசன் வடிவமோ இவற்றை மேற்கோளுக்குள் அனுமதித்தது. ஒருத்தர் சரி என்றதை இன்னொருத்தர் தப்பு என்பது சரிப்படாது என்று 2019-இல் தரத்தையே மாற்றினார்கள். ஆக, ஒரே நிரலுக்கு லேப்டாப்பில் நாலு, அப்பத்தா போனில் ஆறு. விதி புத்தகத்தைப் படித்தால் ஒரு விடைதான் கிடைக்கும். மலையில் எத்தனை பேர் அப்பத்தா போன் வைத்திருக்கிறார்கள் என்பது புத்தகத்தில் இல்லை.

நாலு எண்ணையும் ஒரு தாளில் எழுதி, தம்பி எடுத்துவிட்டவற்றை அடித்துக்கொண்டே வந்தேன். 10 எடுத்தாயிற்று. 13 எடுத்தாயிற்று. 39 முதல் நாளிலேயே எடுத்திருக்கிறார், அது எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. 92?

92-ஐ எடுக்கவில்லை. இங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பேக்ஸ்லாஷ் என்ன செய்யும் என்றால், தனக்கு அடுத்து வரும் மேற்கோளின் வேலையைப் பறித்துவிடும். 'இது முடிவுக்குறி இல்லை, வெறும் எழுத்து' என்று சொல்லும். இப்போது ஒருத்தன் பெயர் கட்டத்தில் வெறும் பேக்ஸ்லாஷ் போடுகிறான். முகவரிக் கட்டத்தில் தன் நிரலைப் போடுகிறான். மாமாவின் பட்டியலில் அது இப்படி வந்து உட்காரும்:

பெயர்='\'; முகவரி=';ச()//';

நிதானமாகப் பாருங்கள். பெயருக்கு முடிவாக இருக்க வேண்டிய மேற்கோள் செத்துவிட்டது. எனவே பெயர் இன்னும் முடியவில்லை. முகவரியைத் தொடங்க வைத்த மேற்கோளில்தான் பெயரே முடிகிறது. அதற்குப் பிறகு வருவது முகவரி இல்லை, நிரல். ச என்ற வேலையைச் செய் என்று பிரௌசருக்குக் கட்டளை. மிச்சத்தை இரண்டு சாய்கோடு மறைத்துவிடுகிறது. இவ்வளவுக்கும் அவன் ஒரு மேற்கோள்கூடத் தட்டவில்லை. மேற்கோள் எல்லாம் தம்பி வைத்தவை.

அந்த நிரல் யாருடைய பிரௌசரில் ஓடும்? பாஸ்வேர்டு போட்டு உள்ளே இருக்கும் மாமாவின் பிரௌசரில், மாமாவின் அதிகாரத்தோடு. அதே பட்டியலில்தான் யாருக்கு எந்த வங்கிக் கணக்கில் பணம் என்றும் இருக்கிறது. ஒரு சீசனின் காய்ப் பணம். அதை மாற்றி எழுதினால், மாமா தன் கையாலேயே திருடன் கணக்குக்குப் பணம் போட்டுவிட்டு, மலைக்காரரிடம் 'அனுப்பிட்டேன்' என்று சத்தியம் செய்துகொண்டிருப்பார். ஜீப் நிற்பது ஒரு நாள் நஷ்டம். இது வேறு.

தம்பியிடம் சொன்னேன். அவர் நல்லவர், பதறிவிட்டார். ஆபத்தான ஆங்கிலச் சொற்களையெல்லாம் தடுத்துவிடலாம் என்றார். மாமா அதற்கும் ஒரு படி மேலே போனார். "இங்கிலீஷ் எழுத்தே வேண்டாம்யா. நம்ம ஆளுகளுக்குத் தமிழ் போதும். தமிழும் புள்ளி, கோடு, அடைப்புக்குறியும் மட்டும் வச்சுக்க. எவன் வந்து என்ன பண்ணுவான்?"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, தமிழால் காப்பாற்றப்படப் போகிறோம் என்று. அன்று ராத்திரி அதையும் என் முறத்தில் போட்டுப் பார்த்தேன்.

ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் எழுத்தைப் பெயராக வைக்கலாம். எதை வைக்கலாம் என்று ஓட்டிப் பார்த்தால் சிரிப்பு வரும். ஃ தனியாகவே ஒரு பெயர் ஆகும். ஆய்த எழுத்து தனித்து நிற்கும் என்று தொல்காப்பியர்கூட ஒப்புக்கொள்வாரா தெரியாது, ஜாவாஸ்கிரிப்ட் ஒப்புக்கொள்கிறது. மெய்யின் மேல் வைக்கும் புள்ளி நடுவில் வரலாம், முதலில் வரக்கூடாது. தமிழ் எண் ௧ பெயரின் வாலில் வரலாம், பத்தைக் குறிக்கும் ௰ எங்குமே வரக்கூடாது. ஏனென்றால் யூனிகோடு கணக்கில் ௧ ஓர் இலக்கம், ௰ இலக்கம் இல்லை. சரி, அது போகட்டும். இதைப் பாருங்கள்:

க=[]+[]; ங=!க+க; ச=!ங+க; ஞ=க+{}; ட=[][[]]+க;

ஓர் ஆங்கில எழுத்து இல்லை, மேற்கோள் இல்லை. மாமா சொன்ன விதிக்கு முழுக்கக் கட்டுப்பட்டது. ஆனால் பிரௌசர் இதை எப்படி வாசிக்கிறது? வெற்றுப் பெட்டியோடு வெற்றுப் பெட்டியைக் கூட்டினால் வெற்றுச் சொல். அது க. ஒன்றுமில்லாததன் எதிர்ப்பதம் உண்மை. அதோடு வெற்றுச் சொல்லைக் கூட்டினால் 'ட்ரூ' என்ற நாலெழுத்து ஆங்கிலச் சொல் ங-வின் கையில் வந்துவிடுகிறது. அதே வழியில் ச-வுக்கு 'ஃபால்ஸ்', ட-வுக்கு 'அன்டிஃபைன்ட்', ஞ-வுக்கு 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்'. இனி ங[0] என்றால் ஆங்கில டீ. ச[3] என்றால் எஸ். ட[1] என்றால் என். ஞ[5] என்றால் சீ. இப்படி ஒவ்வொரு எழுத்தாகப் பொறுக்கி 'கன்ஸ்ட்ரக்டர்' என்ற பதினோரு எழுத்தையும் கட்டிவிடலாம். அந்தச் சொல் கிடைத்துவிட்டால், அதன் வழியாக எந்த வாசகத்தையும் நிரலாக ஓட்டும் கருவி கிடைத்துவிடும். வாசலில் காவல்காரர் ஆங்கிலம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே விட்டார், உள்ளே போய் அது ஆங்கிலம் பேசியது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. ஜப்பானைச் சேர்ந்த யோசுகே ஹசெகாவா வெறும் குறிகளாலேயே ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் வித்தைகள் செய்து காட்டியிருக்கிறார். மார்ட்டின் க்லெப்பெ என்பவர் [ ] ( ) ! + என்ற ஆறே ஆறு குறிகளால் எந்த நிரலையும் எழுதித் தரும் கருவி செய்திருக்கிறார். (அதன் பெயரை இங்கே எழுத முடியாது. சித்தி படிப்பார்.) இப்படி பிரௌசரிடமே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிப்பதைப் பற்றி கேரத் ஹேய்ஸ் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார்.

சொற்களைத் தடுப்பது ஏன் ஆகாது என்பதற்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. மைஸ்பேஸ் என்று ஒரு தளம் கொடிகட்டிப் பறந்த காலம். அங்கே யாரும் நிரல் போடக்கூடாது என்று ஜாவாஸ்கிரிப்ட் என்ற சொல்லையே எங்கே கண்டாலும் வெட்டிவிடுவார்கள். 2005 அக்டோபர் 4-ஆம் தேதி, சாமி கம்கார் என்ற 19 வயதுப் பையன், 'ஜாவா' என்று எழுதி ஓர் என்டர் தட்டி 'ஸ்கிரிப்ட்' என்று எழுதினான். மைஸ்பேஸின் வடிகட்டிக்கு இது இரண்டு சொல். சில பிரௌசர்களோ நடுவிலிருந்த என்டரை விழுங்கிவிட்டு ஒரே சொல்லாக வாசித்தன. அவன் பக்கத்தைப் பார்த்தவர்கள் எல்லாம் தாங்களாகவே அவனை நண்பனாகச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்கள் பக்கத்தைப் பார்த்தவர்களும்தான். 20 மணி நேரத்துக்குள் பத்து லட்சத்துக்கும் மேல் நண்பர்கள். மைஸ்பேஸையே இழுத்து மூட வேண்டியதாயிற்று. பையன் விளையாட்டாகச் செய்தது வழக்காகி, கம்ப்யூட்டரைத் தொட அவனுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள்.

நம்ப மாட்டீர்கள், இன்றைய பிரௌசரிலும் இதன் சொந்தக்காரன் உயிரோடு இருக்கிறான். இணைப்பு முகவரியின் தொடக்கத்தில் வரும் அந்தச் சொல்லுக்கு நடுவே எந்தெந்த எழுத்தைச் செருகினாலும் பிரௌசர் கண்டுகொள்ளாது என்று ஓட்டிப் பார்த்தேன். மூன்று: 9, 10, 13. அதாவது டேப், அப்புறம் நம்முடைய பழைய நண்பர்கள் இருவர். சொல்லுக்கு முன்னால் ஒட்ட வைத்தால் கண்டுகொள்ளாதவை 33, பூஜ்யத்திலிருந்து 32 வரை அத்தனையும். பிழை என்று நினைத்தேன். இல்லை, தரத்திலேயே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆதியில் பக்கம் எழுதியவர்கள் கண்டபடி எழுதினார்கள், எதையும் பொறுத்துக்கொண்டு காட்டும் பிரௌசரை ஜனங்கள் விரும்பினார்கள், பொறுமையே பிறகு விதியாகிவிட்டது.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவருக்கு ஆச்சரியமே இல்லை. "எட்டு எம்எம் சல்லடையில விழுகாத காயெல்லாம் எட்டு எம்எம்முன்னு நெனைக்கிறியா? ரெண்டு ஒட்டிக்கிட்டு மேல நிக்கும். சல்லடை தடிமனைத்தான் பார்க்கும், வெடிச்சிருக்கா வெளுத்திருக்கான்னா பார்க்கும்? அப்புறம் எங்களுக்கு எதுக்குக் கூலி?"

கடைசியில் செய்தது சின்ன வேலைதான். தடுப்புப் பட்டியலையே தூக்கிவிட்டோம். விவசாயி எழுதியதை நிரலுக்குள் ஒட்டும் பழக்கத்தை நிறுத்தி, தரவாகத் தனியே அனுப்பி, இது வெறும் எழுத்து, எழுத்தாகவே காட்டு என்று பிரௌசருக்குச் சொல்லும் வழியில் மாற்றினார் தம்பி. இப்போது பெயர் கட்டத்தில் பேக்ஸ்லாஷ் போட்டால் பட்டியலில் பேக்ஸ்லாஷ் என்றே நிற்கிறது. பதினோரு லட்சத்தையும் மறுபடி ஓட்டினோம், தம்பியின் லேப்டாப்பில், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டு. நான்தான் பிடுங்கச் சொன்னேன். அப்பத்தா போனிலும் பார்த்தோம்.

"இதுல காசு வருமாமே?" என்று வகுப்பில் கேட்கிறார்கள். வரும். சென்னையைச் சேர்ந்த லக்ஷ்மண் முத்தையா ஃபேஸ்புக்கில் யாருடைய புகைப்படத் தொகுப்பையும் அழிக்க முடிகிற ஓட்டையை 2015-இல் சொல்லி 12,500 டாலரும், 2019-இல் இன்ஸ்டாகிராம் ஓட்டைக்கு 30,000 டாலரும் பரிசு வாங்கினார். ஆனால் அந்த நிறுவனங்கள் 'வந்து தேடு' என்று அறிவித்து வைத்திருப்பவை. அப்படி அறிவிக்காத இடத்தில் தொட்டால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகள் இருக்கின்றன. மூன்று வருஷம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம், இல்லை இரண்டும். எனக்கு அனுமதி இருந்தது, அப்படியும் ஒரு பெரியவர் நனைந்தார்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் கணக்குப்பிள்ளை ஒரு வேலை கொடுத்தார். பெயர்வாரியாக லெட்ஜர் எடுத்தால், பொ என்று தொடங்கும் ஒருவருக்கு இரண்டு கணக்கு வருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒரே பெயர். நல்லவேளை, இந்த நாலைந்து வாரத்தில் எனக்கு எழுத்தின் மேல் நம்பிக்கை போயிருந்தது. எண்ணை எடுத்துப் பார்த்தேன். ஒரு பெயரில் 'பொ' என்பது ப-வோடு ொ என்ற ஒரே குறி. இன்னொன்றில் ப, ஒற்றைக்கொம்பு, கால் என்று துண்டு துண்டாக மூன்று. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றியபோது அப்படி வந்திருக்கிறது. கண்ணுக்கு ஒன்று, யூனிகோடு சட்டப்படியும் இரண்டும் சமம், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் தானாக அப்படிப் பார்ப்பதில்லை. கொடி என்ற பெயரை இரண்டு விதமாகத் தட்டி இரண்டு முறை அறிவித்தால், இரண்டு தனித்தனி கொடிகள் என்று ஒத்துக்கொண்டு பேசாமல் இருக்கும்.

விளைவு என்னவென்றால், அவருக்கு மாமா கொடுத்த 18,000 ரூபாய் முன்பணம் ஒரு கணக்கில், அவர் போட்ட காய் இன்னொரு கணக்கில். ஒரு பக்கம் அவர் கடன்காரர், மறுபக்கம் மாமா கடன்காரர். ட்ரையல் பேலன்ஸ் அழகாக டேலி ஆகிவிட்டது. தப்பான ஆள் கணக்கில் பதிந்தாலும் ட்ரையல் பேலன்ஸ் காட்டிக்கொடுக்காது என்று இரண்டு மார்க் கேள்விக்கு நான் எழுதியிருக்கிறேன். போன சீசனில் 'பழைய பாக்கி நிக்குது' என்று அவரிடம் கேட்டு, அவர் இல்லை என்று சொல்லி, வார்த்தை தடித்து, அவர் வேறு கடைக்கே போய்விட்டார்.

மொத்தம் ஏழு ஜோடி கிடைத்தது. நாலை ஒரே கட்டளையில் சேர்க்க முடிந்தது. மிச்சம் மூன்று வேறு ரகம், யூனிகோடே சமம் என்று ஒப்புக்கொள்ளாதவை. ஸ்ரீயை ஸ வைத்தும் எழுதலாம், ஶ வைத்தும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே நிற்கும். ஔவுக்குப் பதில் ஒ-வும் ள-வும் போட்டவர் ஒருவர். இவற்றை நிரலிடம் விட முடியாது, உண்மையாகவே வேறு ஆட்களாகக்கூட இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை கணக்குப்பிள்ளையும் நானும் பழைய பில் கட்டை வைத்துக்கொண்டு உட்காரப் போகிறோம். பொ-காரரைப் பார்க்க மாமாவே மேலே போகிறேன் என்றிருக்கிறார். பதினெட்டாயிரத்துக் கணக்கை எப்படி விளக்குவது என்று என்னிடம் கேட்டார். கொம்பு, கால் என்றெல்லாம் சொல்ல வேண்டாம் மாமா, தப்பு நம்மளுதுன்னு மட்டும் சொல்லுங்க என்றேன்.